புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தைப் பார்க்கச் செல்வோருக்கு

‘கோட்டை’ என்ற சொல்லை அரசியல் செய்திகளில் நாள்தோறும் படிக்கும் சென்னைவாசிகளுள் பெரும்பாலோர், தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருக்கும் அந்த மதிலுக்குள் பொதுமக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு நுழையக்கூடிய ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது என்பதை அறிந்திருந்தாலும், அங்கே ஒருமுறைகூடச் சென்றதில்லை. காவலர்களின் கெடுபிடி மிகுந்த வளாகம் என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணம். பள்ளிச் சுற்றுலாவில் வரிசையாக நடந்து, வாளையும் துப்பாக்கியையும் பார்த்துவிட்டு வெளியே வந்த மங்கலான நினைவு இன்னொரு காரணம். முறையாகத் திட்டமிட்டுச் சென்றால், ஒரு முற்பகல் முழுவதையும் நிறைவாகச் செலவிடத்தக்க இடம் அது.

இந்திய அரசின் தொல்லியல் துறை நடத்தும் இந்த அருங்காட்சியகம் 1948இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆனால் கட்டடம் 1795இல் முடிக்கப்பட்டது. அது அரண்மனையாகவோ ஆளுநர் மாளிகையாகவோ கட்டப்பட்டதன்று. வணிகர்கள் கூடிப் பேரம் பேசுவதற்கும், சரக்குகளை ஏலம் விடுவதற்கும், கப்பல் வரவு பற்றிய செய்திகளைப் பரிமாறிக்கொள்வதற்கும் எழுப்பப்பட்ட பரிவர்த்தனைக் கூடம். கீழ்த்தளத்தில் கிடங்குகளும் அலுவலகங்களும் இருந்தன. மாடியில் இருந்த நீண்ட கூடத்தில் வணிகர்கள் கூடினர். பிற்காலத்தில் அது கோட்டைப் படை அதிகாரிகளின் உணவு விடுதியாக மாறியது. நாட்டு விடுதலையை அடுத்து அருங்காட்சியகமானது. கடை, படை, காட்சி என்ற இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு சென்றால், உள்ளே இருப்பவை சிதறிக் கிடக்கும் பழம்பொருள்களாகத் தோன்றாமல் ஒன்றோடொன்று தொடர்புடையவையாகத் தெரியும். ஆகவே, முதலில் பணம், அடுத்து ஆயுதம், அதன்பின் ஓவியம் என்ற வரிசையில் பார்க்கும்படி பரிந்துரைக்கிறேன். வாயிலில் நுழைந்ததும் ஆயுதங்களின் பக்கம் கால் தானாகவே திரும்பும். அதற்கு இடங்கொடுக்காமல் இருப்பது நல்லது.

புறப்படுவதற்கு முன்

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும். இந்த ஒரு செய்தியைக் கவனிக்காமல் வெள்ளிக்கிழமை வந்து திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அரசு அருங்காட்சியகங்கள் என்றால் திங்கள் விடுமுறை என்று பலரும் பொதுவாக எண்ணிக்கொள்வதே இதற்குக் காரணம். எழும்பூர் அருங்காட்சியகத்தையும் அதே நாளில் பார்க்கத் திட்டமிடுகிறவர்கள், அங்கேயும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நுழைவுக் கட்டணம் அவ்வப்போது மாற்றப்படுவதால், தொல்லியல் துறையின் இணையவழிச் சீட்டுப் பதிவில் அன்றைய கட்டணத்தைப் பார்த்து அங்கேயே பணம் செலுத்திவிடுவது எளிது. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

புறநகர் மின்ரயிலில் வருபவர்கள், கடற்கரை–தாம்பரம் தடத்தில் உள்ள கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே வரலாம். மெட்ரோவில் வருபவர்களுக்கு உயர் நீதிமன்ற நிலையம் ஏற்றது. பாரிமுனைக்கு வரும் பேருந்துகள் எதுவானாலும் சரி. சொந்த வாகனத்தில் வருவதை நான் அவ்வளவாக ஊக்குவிக்க மாட்டேன். செயலகம் இயங்கும் நாட்களில் நிறுத்துமிடம் தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

கோட்டைக்குள் நுழையும்போது காவலர்கள் பையைச் சோதிப்பார்கள். எங்கே செல்கிறீர்கள் என்று கேட்பார்கள். அருங்காட்சியகம் என்று சொன்னால் வழி காட்டுவார்கள். ஆதார் போன்ற ஏதேனும் ஓர் அடையாள அட்டையைக் கையில் வைத்திருப்பது அவசியம். சட்டமன்றக் கூட்டத் தொடர் நடக்கும் நாட்களில் பாதுகாப்பு இறுக்கமாக இருக்கும் என்பதால், சுற்றிப் பார்க்க மட்டும் வருபவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நலம். சனி, ஞாயிறு காலை நேரமே மிகவும் ஏற்றது: செயலகத்துக்கு விடுமுறை, வளாகத்தில் வாகன நெருக்கம் இராது, வெயிலும் ஏறியிராது. வளாகத்தில் இராணுவ அலுவலகங்களும் இருப்பதால், கண்ட இடங்களில் நின்று படம் எடுக்கக் கூடாது. அருங்காட்சியகத்துக்குள் எந்தக் கருவியால் படம் எடுக்கலாம், எதற்குத் தனிக் கட்டணம் என்பதைச் சீட்டுக் கொடுக்கும் இடத்திலேயே கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஒளிவீச்சுடன் மட்டும் எங்கும் எடுக்காதீர்கள். பழைய துணிக்கும் சாயத்துக்கும் காகிதத்துக்கும் ஒளி எதிரி.

ஒரு குடிநீர்க் குப்பி, குறிப்பேடு, பருத்தி உடை, எளிதாக நடக்கத்தக்க செருப்பு ஆகியவை போதும். காட்சிக் கூடங்களைத் தளம் தளமாகப் படியேறித்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்து வருபவர்கள், கீழ்த்தளத்தை அவர்களுடன் சேர்ந்து நிதானமாகப் பார்த்துவிட்டு, மேல்தளம் ஏறுவதா வேண்டாமா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.

கட்டடத்தை வெளியே நின்று பார்த்தல்

உள்ளே நுழைவதற்கு முன் சிறிது நேரம் வெளியே நின்று, கிழக்கே கடல் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கோட்டை கட்டப்பட்ட காலத்தில் அலைகள் அதன் கிழக்கு வாயிலுக்கு மிக அருகில் வந்துபோயின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் எழுந்தபோது, கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் அவற்றுக்குத் தெற்கே தேங்கத் தொடங்கி, கடல் பின்வாங்கிக்கொண்டே போனது. இன்று மெரினா அவ்வளவு அகலமாக இருப்பதற்கும் அதுவே காரணம். துறைமுகம் இல்லாத அந்தக் காலத்தில் கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. மனிதர்களும் சரக்குகளும் மசுலாப் படகுகளில் ஏறி அலைகளைத் தாண்டிக் கரை சேர்ந்தார்கள். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த அந்தப் படகுகள் அலை மோதும்போது வளைந்து கொடுக்கும். ஆணி அடித்த ஐரோப்பியப் படகோ அதே அலையில் உடைந்துபோகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் வணிகம் முழுவதும் இறுதியில் நம் கரையோரப் படகோட்டிகளின் கைத்திறனை நம்பி நின்றது என்பதை, உள்ளே தொங்கும் ஆளுநர்களின் உருவப்படங்கள் சொல்லமாட்டா.

பரிவர்த்தனைக் கூடம் அமைந்த இடத்தின் பொருத்தம் இதிலிருந்து விளங்கும். கப்பல் கண்ணுக்குத் தெரிந்ததும் வணிகருக்குச் செய்தி தெரிய வேண்டும். 1796இல் இதன் கூரைமேல்தான் சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது; தேங்காய் எண்ணெயில் எரிந்த விளக்குகள் அவை. 1840களில் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் எழுப்பப்பட்ட கல்தூண் அந்தப் பணியை ஏற்கும் வரை, வங்கக் கடலில் வந்த மாலுமிகளுக்கு இந்தக் கூரையே அடையாளமாக இருந்தது. வளாகத்தில் உயர்ந்து நிற்கும் கொடிமரத்தையும் இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 150 அடி உயரமுள்ள அந்தக் கம்பத்தின் இடத்தில் முன்பு தேக்குமரக் கம்பம் இருந்தது. எலிஹு யேல் ஆளுநராக இருந்த காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், நிறுத்தப்பட்டது. அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று தாங்கியிருப்பது இந்த யேலின் பெயரைத்தான். அந்தக் கல்லூரிக்கு அவர் அனுப்பிய நன்கொடையில் சென்னையில் சேர்த்த பணமும் அடங்கும்.

வாயிலைத் தாண்டியதும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைக்கும் ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரை அக்காலச் சென்னைக் கட்டடங்களின் பொது வழக்கம். சுவரின் தடிப்பைச் சன்னல் குழிகளில் அளந்து பார்க்கலாம். கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பை நன்கு அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டையின் வெண்கருவும் சேர்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு, பார்ப்பவர்கள் பளிங்கு என்று மயங்கும் அளவுக்கு 18ஆம் நூற்றாண்டில் புகழ் பெற்றிருந்தது. ஐரோப்பிய வடிவத்தில் நிற்கும் கட்டடத்தைத் தூக்கி நிறுத்தியது உள்ளூர்க் கொத்தனாரின் அறிவு.

முதலில் நாணயங்கள்

நாணயப் பகுதி எந்தப் பக்கம் என்று வாயிலில் கேட்டு, நேரே அங்கே செல்வது நல்லது. அருங்காட்சியகங்களில் அவ்வப்போது காட்சிகளை இடம் மாற்றி அமைப்பதுண்டு. இங்கே தேட வேண்டியது நட்சத்திர வராகன். உளுந்தைவிடச் சற்றே பெரியது என்று சொல்லத்தக்க சின்னஞ்சிறு பொன் நாணயம். ஒரு பக்கம் திருமாலின் உருவம், மறுபக்கம் நட்சத்திரம். கிழக்கிந்தியக் கம்பெனி என்னும் கிறித்தவ வணிகரின் நிறுவனம் திருமாலின் உருவத்தைப் பொறித்துப் பணம் அடித்தது பக்தியால் அன்று. விஜயநகரக் காலம் முதல் மக்கள் கைப்பழக்கத்தில் நம்பிய உருவம் அது. வேறு உருவம் பொறித்தால் அங்காடியில் யாரும் வாங்கமாட்டார்கள்.

கணக்கையும் அங்கேயே போட்டுப் பார்க்கலாம். சென்னையில் கம்பெனி பின்பற்றிய முறைப்படி ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. அதாவது ஒரு வராகனை மாற்றினால் 3,360 காசுகள். பத்தின் அடுக்குகளாக அமையாத இந்தக் கணக்கில்தான் நெசவாளருக்கு முன்பணம் கொடுக்கப்பட்டது, படகோட்டிக்குக் கூலி அளக்கப்பட்டது, சிப்பாய்க்குச் சம்பளம் எண்ணப்பட்டது. தங்கம், வெள்ளி, செம்பு ஆகியவற்றின் விலைகள் ஏறி இறங்கும்போது மாற்று விகிதமும் ஆடும். அந்த ஆட்டத்தில் வட்டம் என்னும் மாற்றுக் கழிவைப் பிடித்துப் பொருள் சேர்த்தவர்கள் நாணயம் மாற்றும் சராப்புகள். 1818இல் ரூபாயே கணக்கு நாணயம் என்று ஆனபின் வராகன் மெல்ல வழக்கொழிந்தது. ஒரு காசையும் ஒரு வராகனையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, இந்தக் கட்டடத்தின் மாடியில் யார் எதைக் கொண்டு பேரம் பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பீங்கான் பொருள்களைக் கடந்து செல்வோர் மிகுதி. தட்டுகளில் பொறித்திருக்கும் சின்னங்களை மட்டுமாவது பார்க்க வேண்டும். குடும்பச் சின்னத்தை எழுதிச் சீனாவுக்கு அனுப்பி, அங்கே தட்டில் தீட்டச் செய்து, கப்பலில் வரவழைத்து, சென்னையில் விருந்து பரிமாறிய செல்வம் அது. உடைந்துபோயிருந்தால் மறுபடி வரவழைக்க ஓராண்டுக்குமேல் காத்திருக்க வேண்டும்.

ஆயுதங்களும் ஒரு கூண்டும்

வாள், குத்துவாள், கைத்துப்பாக்கி, சிறு பீரங்கி, பதக்கம், சீருடை என்று கீழ்த்தளத்தில் காணக் கிடைப்பவை ஏராளம். எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தால் களைப்புத்தான் மிஞ்சும். இரண்டு பொருள்களில் மட்டும் நேரம் செலவிடுவது போதும் என்பது என் கருத்து.

முதலாவது ஒரு மரக்கூண்டு. அபினிப் போரின்போது, 1840 செப்டம்பரில், சீனத்தின் சூஷான் தீவில் நில அளவைப் பணியில் இருந்த சென்னைப் பீரங்கிப் படையின் கேப்டன் ஆன்ஸ்ட்ருதர் பிடிபட்டார். அவரை அடைத்து நிங்போ நகருக்குக் கொண்டுசென்ற கூண்டு இது. நிமிர்ந்து நிற்கவும் இயலாது. காலை நீட்டிப் படுக்கவும் இயலாது. பருத்த உடல்வாகு கொண்ட ஒருவர் மடங்கி உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று, அதன் முன்னால் நின்று உங்கள் தோள் அகலத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 1841 பிப்ரவரியில் அவர் விடுவிக்கப்பட்டார். கூண்டும் அவருடைய படைப்பிரிவின் ஊருக்கு வந்து சேர்ந்தது. அந்தப் போருக்குச் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் அனுப்பப்பட்டார்கள்; 37ஆம் சென்னைக் காலாட்படை கான்டன் அருகே போரிட்டது. சிப்பாய்கள் பட்ட பாட்டுக்குச் சாட்சியாக ஒரு கூண்டும் பாதுகாக்கப்படவில்லை.

இரண்டாவது, எம்டன் கப்பல் வீசிய குண்டின் சிதறல். 1914 செப்டம்பர் 22 இரவு, கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் வந்த அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுச் சென்றது. தாக்குதல் அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஆனால் நகரம் காலியாகும் அளவுக்குப் பீதி பரவியது. சூழ்ச்சிக்காரனை ‘எம்டன்’ என்று சொல்லும் வழக்கமும் அந்த இரவு நமக்கு விட்டுச்சென்றதுதான். பேரப்பிள்ளைகளுடன் வரும் தாத்தா, பாட்டிமார்களுக்குக் கதை சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கூடத்தில் வேறில்லை.

இதை முடித்துக்கொண்டு, திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் கம்பெனிப் படையை நடத்திய தலைமை ஆளுநர் காரன்வாலிஸின் சிலை முன் வர வேண்டும். தாமஸ் பேங்க்ஸ் என்ற ஆங்கிலச் சிற்பி வடித்த இந்தப் பளிங்குச் சிலை 1800இல் கோட்டைக்குள் நிறுவப்பட்டு, பின்னர் நகரில் பல இடங்களுக்கு மாற்றப்பட்டு, இறுதியில் இங்கு வந்து சேர்ந்தது. சிலையின் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல், குனிந்து பீடத்தைப் பாருங்கள். 1792இல் மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் திப்பு சுல்தான் தம் மைந்தர் இருவரைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி அதில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பாதி நாட்டை விட்டுக்கொடுத்து, மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் இழப்பீடு கட்டும் வரை அந்தச் சிறுவர்களைக் கம்பெனி தன் காவலில் வைத்திருந்தது. அவர்களுள் மூத்தவருக்குப் பத்து வயது அளவுதான் இருக்கும். 1794 வரை அவர்கள் சென்னையில் வைக்கப்பட்டிருந்தார்கள். பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகளை வாங்கி வைத்ததை, பெருந்தன்மையின் காட்சியாகச் செதுக்கியிருக்கிறார்கள். நாணயங்களை முதலில் பார்க்கச் சொன்னதன் பயன் இந்தப் பீடத்தருகே தெரியும்.

மாடியில் உருவப்படங்கள்

வணிகர் கூடிய நீண்ட கூடம் இன்று உருவப்படங்களின் கூடம். அரசர், அரசி, ஆளுநர், தளபதி என்று ஆளுயரத்துக்கும் மேலான ஓவியங்கள் சுவரெங்கும் தொங்குகின்றன. ஒவ்வொருவராகப் பெயர் படிப்பதைவிட, கூடத்தின் நடுவே நின்று ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நல்லது: எல்லோரும் கீழ்நோக்கிப் பார்க்கிறார்கள். விருந்து மண்டபங்களில் உயரத்தில் தொங்குவதற்கென்றே வரையப்பட்ட படங்கள். விருந்தினர் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதே நோக்கம்.

இராபர்ட் கிளைவின் கையெழுத்தில் உள்ள கடிதத்தைக் கண்டால் அதன் முன் சற்று நில்லுங்கள். 1744இல் அவர் இந்தக் கோட்டைக்கு வந்தது வாளோடு அன்று. கணக்கு எழுதும் கடைநிலை எழுத்தராக. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது தப்பிக் கடலூருக்குப் போனவர்களுள் அவரும் ஒருவர். அதன்பின்தான் படை, ஆர்க்காடு, வங்காளம் எல்லாம்.

ஆர்க்காட்டு நவாபுகள் தொடர்பான பொருள்கள் உள்ள பகுதி அளவில் சிறியது. ஆனால் இந்த ஊரின் வரலாற்றுக்கு மிக நெருங்கியது. நவாப் முகமது அலி வாலாஜா கம்பெனியின் துணையால் அரியணையைக் காத்துக்கொண்டார். அந்தத் துணைக்கான செலவைத் தாமே ஏற்றார். செலவுக்காகச் சென்னையில் இருந்த ஆங்கிலேயரிடமே கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர்களுள் கம்பெனியின் அலுவலர்களே நிறைய. வட்டி கட்டுவதற்காக ஊர்களின் வரி வருவாய் அடகு போனது. அவர் 1795இல் மறைந்தார். 1801இல் கம்பெனி, கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட நவாபின் நாட்டு ஆட்சியையே எடுத்துக்கொண்டது. சேப்பாக்கம் அரண்மனையை வெளியே பார்த்திருக்கும் சென்னைவாசிகள், அது கட்டப்பட்டது யாருடைய கடனில் என்பதை இங்கிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

1947 ஆகஸ்டு 15 விடியற்காலையில் இந்தக் கோட்டையில் ஏற்றப்பட்ட தேசியக் கொடியைத் தனியே தேடிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 12 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்ட பட்டுக் கொடி. 2013 குடியரசு நாள் முதல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டி, மங்கலான விளக்கு, ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்று அதைப் பாதுகாக்கும் ஏற்பாட்டையும் கவனியுங்கள். பட்டு இழை ஈரத்திலும் நலியும், ஒளியிலும் நலியும். கடலோரத்தில் அதைக் காப்பது தனிக் கலை. கண்ணாடியில் சாய்ந்து நின்று தற்படம் எடுக்கிறவர்களைக் காவலர் அதட்டினால், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

மேல்தளத்தில் உள்ள அச்சுப் படங்களுக்குக் குறைந்தது அரை மணி நேரம் ஒதுக்குவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். இந்த அருங்காட்சியகத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை அவை. தாமஸ் டேனியல், அவருடைய சகோதரரின் மகன் வில்லியம் ஆகிய இருவரும் 1792–93இல் தென்னாட்டைச் சுற்றி வந்து வரைந்தார்கள். செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து, சாம்பலும் பழுப்புமான மென்நிழல்களை உண்டாக்கி அச்சடித்து, பின்னர் கையால் வண்ணம் தீட்டுவது அவர்கள் முறை. கட்டட விகிதங்கள் பிசகாமல் இருக்க, ஒளியைத் துளைவழி விழச் செய்து உருவத்தைத் தாளில் பிடிக்கும் இருட்டுப்பெட்டியையும் அவர்கள் பயன்படுத்தினார்கள். தஞ்சைப் பெரிய கோயில், திருச்சி மலைக்கோட்டை, மதுரைப் புதுமண்டபம், பாபநாசம் அருவி, கடலிலிருந்து பார்த்த இந்தக் கோட்டை எல்லாம் அவர்கள் வரைந்தவற்றுள் உண்டு. சுவரில் எந்தப் படம் இருந்தாலும், கோபுரத்தை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கும் மனிதர்களைப் பாருங்கள்: தலைப்பாகை கட்டிய முறை, பல்லக்குத் தூக்கிகள், மரத்தடியில் இளைப்பாறுவோர். புகைப்படம் பிறப்பதற்கு முந்திய நம் ஊர்த் தெருவை இவ்வளவு விவரமாகக் காட்டும் சான்றுகள் மிகக் குறைவு. ஆனால் அழகுக்காக மரத்தையும் மேகத்தையும் இடம் மாற்றும் பழக்கம் அவர்களுக்கு உண்டு என்பதால், எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிடவும் கூடாது.

பிரெஞ்சியப் பொருள்களின் காட்சியில் அறைகலன்களும் கடிகாரங்களும் நாணயங்களும் உள்ளன. 1746 முதல் 1749 வரை கோட்டை அவர்கள் கையில் இருந்தது என்பதை நினைவிற்கொண்டு விரைவாகப் பார்த்துவிடலாம்.

தேவாலயத்துக்கும் சென்று வருதல்

அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்ததும் புனித மேரி தேவாலயத்துக்கு நடக்க வேண்டும். 1678இல் தொடங்கி 1680இல் முடிக்கப்பட்ட இதுவே இந்தியாவில் ஆங்கிலேயர் கட்டிய மிகப் பழைய தேவாலயம். கூரையில் மரமே கிடையாது; பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும் வகையில் செங்கல்லால் தடித்த வளைவுகளாகக் கட்டினார்கள். யேலின் திருமணம் 1680இலும், கிளைவின் திருமணம் 1753இலும் இங்கே நடந்தன.

தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பாவியிருக்கும் கல்லறைக் கற்களின்மேல் நடக்கும்போது, அவற்றின் கீழே யாரும் புதைக்கப்படவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அச்சம் தெளியும். பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758–59 முற்றுகையின்போது பிரெஞ்சுப் படையினர் அங்கிருந்த உயரமான கல்லறைகளின் பின்னே பதுங்கிச் சுட்டதால், முற்றுகை நீங்கிய பிறகு கல்லறைகளை இடித்து, எழுத்துள்ள கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். 1652ஆம் ஆண்டைச் சேர்ந்த எலிசபெத் பேக்கர் என்பவரின் கல், இந்தியாவில் கிடைக்கும் மிகப் பழைய ஆங்கிலக் கல்வெட்டாகக் கருதப்படுகிறது. வழிபாடு நடக்கும் நேரமாக இருந்தால் வெளியே காத்திருந்து, முடிந்தபின் உள்ளே போவதுதான் முறை.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களுக்குத் தனியே ஒரு சொல். எல்லா அட்டைகளையும் குறிப்பேட்டில் எழுதச் செய்யாதீர்கள். நட்சத்திர வராகன், கூண்டு, பீடத்துச் சிறுவர்கள், கொடி ஆகிய நான்கை மட்டும் கண்டுபிடித்து, ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு கேள்வி எழுதிக் கொண்டுவரச் சொன்னால், அவர்கள் ஓடிப் பார்க்காமல் நின்று பார்ப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம் தேவைப்படும். காலை 9 மணிக்குத் தொடங்கினால் நண்பகலுக்குள் முடிந்துவிடும். வெளியே வந்து ராஜாஜி சாலையில் வடக்கே நடந்தால், உயர் நீதிமன்ற வளாகத்தின் மதிலில் எம்டன் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்லைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். இன்னும் சிறிது தொலைவு சென்றால் கடற்கரை ரயில் நிலையமும், அதன் எதிரே பர்மா பஜாரும் வரும். அங்கே தள்ளுவண்டிகளில் பிசைந்து தரும் பர்மிய நூடுல்ஸ் உணவான அத்தோவும் வாழைத்தண்டுச் சூப்பும் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறலாம்.